முப்பத்தோராம் நாள் நன்றி

நான் செத்தவர்களின் வாழ்க்கை வரலாறு எழுதுகிறவன். உயிரோடு இருக்கும் ஒருவரைப் பற்றி எழுதுவது இதுதான் முதல் தடவை. கை கொஞ்சம் தடுமாறும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நல்லூர்ப் பக்கம் அச்சகம் வைத்து முப்பது வருடமாகிறது. கலியாண அழைப்பிதழும் ரியூசன் வகுப்பு விளம்பரமும் அடித்தாலும் என் வீட்டு அடுப்பை எரியவைப்பது கல்வெட்டுத்தான். வெளியூர்க்காரர் கல்வெட்டு என்றால் பழைய கோயில் சுவரைத் தேடுவார்கள். எங்களுக்கு அது ஒரு சின்னப் புத்தகம். ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வந்து சாப்பிடுகிற ஒவ்வொருவர் கையிலும் ஒன்று கொடுத்தனுப்புவார்கள். அட்டையில் படம், உள்ளே வாழ்க்கை வரலாறு, பதிகங்கள், வம்ச வரிசை, கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல். நான் கிறிஸ்தவன், ஊர்ப்பேச்சில் வேதக்காரன். ஆனாலும் அத்தனை பதிகமும் எனக்கு மனப்பாடம். "இந்த மனிசன் பூசையிலை நிண்டும் பதிகம்தான் முணுமுணுக்குது" என்று மனைவி பேசுவாள்.

நன்றி நவிலலைப் போல ஆபத்தான பக்கம் வேறு இல்லை. பிறந்த வருடம் பிழைத்தால் ஒருவரும் கவனிக்கமாட்டார்கள். நன்றியில் ஒரு பெயர் விடுபட்டால் மூன்று தலைமுறைக்குப் பகை. சமையலுக்குக் கிடாரம் இரவல் கொடுத்த ஒருவரின் பெயர் விடுபட்டதால், அடுத்த வருடம் அந்த வீட்டுக் கலியாணத்துக்கு அவருடைய சொந்தக்காரப் பகுதியே போகாமல் விட்டது. ஏச்சு வாங்கியது நான். அன்றிலிருந்து கடைசி அச்சுக்கு முன்னால் எல்லாரிடமும் ஒரு கேள்வி கேட்பேன்: "ஆரும் விடுபட்டினமோ? வடிவா யோசிச்சுப் பாருங்கோ."

இந்தக் கேள்வியைக் குணலட்சுமியிடமும் கேட்டேன். அன்றைக்கு என் வாயைத் தைத்திருக்கலாம்.

குணலட்சுமி புத்தூரில் பிறந்தவர். இருபத்திரண்டு வயதில், சண்டையில் ஊரே இடம்பெயர்ந்தபோது, நடக்க முடியாத தகப்பனைச் சைக்கிள் கரியரில் இருத்தித் தென்மராட்சி வரை தள்ளிக்கொண்டு போனார். திரும்பி வந்து நீர்வேலிப் பஞ்சலிங்கத்தைக் கட்டினார். பத்துப் பரப்புக் காணியில் வாழைத்தோட்டம், கதலியும் இதரையும். ஒரே மகள் பிரசாந்தி வவுனியாவில் தாதியாக இருக்கிறாள். குணலட்சுமிக்குப் பேச்சு குறைவு. ஆனால் சந்தையில் வியாபாரி ஒருவன் குலையில் குறை சொன்னால், மறுபேச்சில்லாமல் குலையைத் திரும்பச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். "இவவோடை கதைச்சு வெல்லுறதிலும் பார்க்கப் பனையோடை கதைக்கலாம்" என்று பஞ்சலிங்கம் சொல்லிச் சிரிப்பாராம்.

ஐந்து வருடத்துக்கு முன் ஒரு காலை, தோட்டத்தில் காய்ந்த வாழைச் சருகை அள்ளிய பஞ்சலிங்கம், அதற்கடியில் நாலு பொதிகளைக் கண்டார். கடலால் வந்த போதைச் சரக்கு. ஆளுக்கொரு மோட்டார் சைக்கிளும் ஆளுக்கொரு வாளுமாகப் பதினைந்து பொடியள், வெளிநாட்டில் குந்தியிருந்துகொண்டு அவர்களை ஆட்டுகிற ஒரு தலைவன் என்று ஒரு குழு அப்போது எங்கள் பக்கத்தைப் பிடித்துவைத்திருந்தது. சருகைத் திரும்ப மூடிவிட்டு வந்திருக்கலாம். பலர் அப்படித்தான் செய்தார்கள். பஞ்சலிங்கம் பொலிசில் கொண்டுபோய்க் கொடுத்தார். செய்தி யார் வாயால் போனதோ தெரியாது. மூன்றாம் நாள் விளக்கு வைக்கும் நேரம், முகத்தில் கறுப்புத் துணி கட்டிய நாலு பேர் படலையைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

குணலட்சுமி கிணற்றடியில் நின்றார். பஞ்சலிங்கத்தை வெட்டியவன் இடக்கையால் வெட்டினான். அந்தக் கை யாருடையது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு வருடம் அவர்களின் தோட்டத்தில் குலை வெட்டிய லக்ஷனின் கை. கத்திக்கொண்டு ஓடியவர் வாசலில் மயங்கி விழுந்தார்.

பஞ்சலிங்கத்தைத் தன் ஓட்டோவில் ஏற்றியது அயல்வீட்டுச் சிவரூபன். வழியில் நிறுத்தித் தண்ணீர் பருக்கியபோது பஞ்சலிங்கம் சொன்னது இரண்டே சொல்: "லக்ஷன்ரை குரல்." ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முன்னமே உயிர் போய்விட்டது.

செத்தவீட்டில் சிவரூபன் குணலட்சுமியைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "அக்கா, அண்ணை கடைசியாச் சொன்னது லக்ஷன்ரை பேரைத்தான். கோட்டிலை நீதவான் கேட்டால் நான் சொல்லுவன். அதுவரைக்கும் ஒருத்தரோடையும் இதைக் கதையாதேங்கோ. எனக்கு ரெண்டு சின்னப் பிள்ளையள்."

குணலட்சுமி ஒருவரோடும் கதைக்கவில்லை. பெற்ற மகளிடம்கூடச் சொல்லவில்லை.

தான் கண்ட இடக்கையை மட்டும் பொலிசில் சொன்னார், லக்ஷனைப் பிடித்தார்கள். அடையாள அணிவகுப்பில் பத்து ஆம்பிளைகளை வரிசையாக நிறுத்தி, ஆளைத் தொட்டுக் காட்டச் சொன்னார்கள். தோளைத் தொட்டால் போதும். குணலட்சுமி லக்ஷனின் இடக்கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். அவனை மறியற்சாலையில் பூட்டினார்கள். ஆனால் முகம் மூடியவனைக் கையை வைத்துச் சொன்னது கோட்டில் நிற்காது என்று அவருடைய சட்டத்தரணி சொன்னார். செத்தவர் வாயால் சொன்ன பெயருக்குத்தான் பெறுமதி. அதைக் கேட்டவர் உலகத்தில் ஒருவர்தான்.

இருபத்தைந்தாம் நாள் குணலட்சுமி என் கடைக்கு வந்தார். கையில் பஞ்சலிங்கத்தின் படமும் பெயர்கள் எழுதிய கொப்பியும். வாழ்க்கை வரலாற்றை அவர் சொல்ல நான் எழுதினேன். பெயர்களை அடித்து முடித்ததும் வழமைபோலக் கேட்டேன், ஆரும் விடுபட்டினமோ என்று.

அவர் கதிரையில் இருந்தபடி கொப்பியை முதலில் இருந்து திருப்பிப் பார்த்தார். பிறகு, "சிவரூபன் விடுபட்டிட்டார் அண்ணை" என்றார்.

"ஓட்டோவிலை கொண்டு போனதுக்கோ?"

"ஓம். பிறகு, தண்ணி பருக்கினது. இவர் கடைசியாக் கதைச்சதைக் கேட்டு வந்து எனக்குச் சொன்னது. அதுக்கு நன்றி சொல்லாட்டி நான் மனிசியே?"

என்ன கதைத்தார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எனக்கு அப்போது வசனம்தான் முக்கியம். முப்பது வருட அனுபவத்தையும் திரட்டி அடித்தேன்: 'இறுதிக் கணத்தில் உடனிருந்து நீர் பருக்கி, அன்னாரின் கடைசி வார்த்தைகளைச் செவிமடுத்து எமக்கு அறியத்தந்த திரு. சிவரூபன் அவர்களுக்கும்.' வாசித்துக் காட்டினேன். குணலட்சுமி அழுதார். நல்ல வசனம் எழுதிவிட்டேன் என்று எனக்குப் பெருமை.

சிவரூபன் கதைக்க வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தார். நன்றி சொல்வதைக் கதைப்பது என்று எங்கள் சனத்தில் யார் நினைப்பார்கள்? மகளுக்குக்கூடச் சொல்லாத ஒன்றை முந்நூறு பிரதி அடித்து, சோற்றோடு சேர்த்து, வந்தவர் கையில் எல்லாம் கொடுத்தோம். சாப்பிட வந்தவர்களில் லக்ஷனின் சின்னம்மாவும் ஒருவர். எங்கள் பக்கத்தில் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம், வராமல் விட்டாலும் குற்றம்.

ஒன்பது நாள் கழித்து, மத்தியானம், ஓட்டோவுக்குள் வைத்தே சிவரூபனை வெட்டினார்கள். வலக்கையில் மூன்று விரல் போனது. போகும்போது பஞ்சலிங்கத்தின் கல்வெட்டைக் கடைசிப் பக்கத்தில் விரித்துச் சீற்றில் வைத்துவிட்டுப் போனார்கள். என் எழுத்துக்கு அப்படி ஒரு வாசகன் கிடைப்பான் என்று நான் நினைத்ததே இல்லை.

குணலட்சுமி ஆஸ்பத்திரிக்கு ஓடினார். சிவரூபனின் மனைவி வாசலில் மறித்துக்கொண்டு சொன்னாள்: "உங்கடை நன்றி போதும் அக்கா. போங்கோ."

விசாரணை இரண்டு வருடம் கழித்து வந்தது. அந்த இரண்டு வருடமும் குணலட்சுமி தனியாகத்தான் தோட்டம் செய்தார். பயந்தோ, பாவம் பார்த்தோ, சனம் அவருடைய வீட்டு ஒழுங்கைப் பாதையால் போவதைக் குறைத்துக்கொண்டது. மகள் வவுனியாவுக்கு வரச்சொல்லி அழுதாள். "நான் போனால் அந்தக் கையை ஆர் காட்டுறது?" என்று கேட்டுவிட்டு இருந்துவிட்டார். கோட்டு நாட்களில் ஒரு போத்தல் தண்ணீரோடு பஸ்ஸில் போவார். பக்கத்துச் சீற் காலியாகவே இருக்கும்.

சாட்சிக் கூட்டில் அரை நாள் நின்றார். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்டார்: "இடக்கையாலை வேலை செய்யிறவை யாழ்ப்பாணத்திலை லக்ஷன் மட்டுமோ அம்மா?"

"எனக்குத் தெரிஞ்ச இடக்கை அது ஒண்டுதான் ஐயா. ரெண்டு வரியம் அந்தக் கைக்குச் சோறு போட்டனான்."

அடுத்தது சிவரூபன். வலக்கையைத் துவாயால் மூடிக்கொண்டு வந்தார். "அவர் ஒண்டும் கதைக்கேல்லை ஐயா. கதைக்கிற நிலையிலை இருக்கேல்லை" என்றார். குணலட்சுமி இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

அப்போதுதான் அரச தரப்புச் சட்டத்தரணிகள் அந்தக் கல்வெட்டை எடுத்தார்கள். கடைசிப் பக்கத்தை வாசித்தார்கள். சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் அச்சில் வந்த வசனம். சிவரூபன் அப்போதே குணலட்சுமியிடம் சொல்லியிருக்கிறார் என்பதற்கு மிஞ்சியிருந்த ஒரே சான்று. அதை யார் சொல்லி எழுதினது என்று கேட்பதற்கு அச்சடித்தவனைக் கூப்பிட்டார்கள்.

அதற்கு இரண்டு நாள் முன்னால் என் கடைக்கு இரண்டு பொடியள் வந்திருந்தார்கள். நல்ல மரியாதை. பிறந்தநாள் அட்டை அடிக்க வேண்டுமாம். பிள்ளையின் பெயரைக் கேட்டேன். என் மகளின் பெயரைச் சொன்னார்கள். திகதியைக் கேட்டேன். அதுவும் சரியாக இருந்தது. "ரியூசன் முடிஞ்சு அஞ்சரைக்குச் சைக்கிளிலை வாறவ, என்ன?" என்று ஒருவன் சிரித்தான். அட்டை எடுக்க அவர்கள் திரும்பி வரவில்லை.

கோட்டில் என்னைக் கேட்டார்கள். நான் சொன்னேன்: "அது வழமையான வசனம் ஐயா. எல்லாக் கல்வெட்டிலையும் போடுறது."

"அந்த அம்மா சொல்லி எழுதேல்லையோ?"

"இல்லை ஐயா."

வேதப்புத்தகத்தில் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் இதைச் சொன்னேன். குணலட்சுமி முன்வரிசை வாங்கில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் இன்றைக்கு நிம்மதியாக நித்திரை கொள்வேன். 'இவருமா' என்றுகூட அந்தப் பார்வை கேட்கவில்லை. சரி, இன்னும் ஒரு ஆள் குறைந்தது என்பது போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

சாட்சி போதாது என்று லக்ஷனை விட்டார்கள். சந்தியில் வெடி கொளுத்தினார்கள், அவனுடைய படத்தோடு பதாகையும் கட்டினார்கள். அந்தப் பதாகை என் கடையில் அடித்ததல்ல. இதையும் ஒரு பெருமை என்று சொல்ல எனக்கு வாய் இருக்கிறது, பாருங்கள்.

போன வருடம் பிரதேச சபைத் தேர்தல் வந்தது. ஒரு கட்சிக்காரர் குணலட்சுமியிடம் போனார். "அக்கா, பட்டியலுக்குப் பொம்பிளையள் காணாது. பேரை மட்டும் தாங்கோ, நீங்கள் ஒரு வேலையும் செய்யத் தேவையில்லை."

"பேரைத் தந்தால் பின்னாலை ஆளும் வரும் தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பிறகு ஒரு சுயேச்சைக் குழுவில் சேர்ந்து தன் வட்டாரத்திலேயே வாக்குக் கேட்டு நின்றார். சின்னம் மின்விசிறி. ஏன் இந்த வேலை என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன காரணம் ஒன்றுதான். "கோட்டிலை நான் சொன்னது காணாது எண்டு விட்டினம். சபையிலை சொன்னால் கூட்டக் குறிப்பிலை எழுதத்தானே வேணும்? எங்கையாவது ஒரு இடத்திலை அது எழுதிக் கிடக்கட்டும்."

துண்டுப்பிரசுரம் அடிக்க என்னிடம்தான் வந்தார். அவ்வளவு நடந்த பிறகும் என்னிடம் வந்தார். தேர்தல் பிரசுரத்தில் அச்சிட்டவரின் பெயரும் விலாசமும் போட வேண்டும், அது சட்டம். நான் கொஞ்சம் யோசித்து, "பேப்பர் முடிஞ்சுது தங்கச்சி" என்றேன். என் முதுகுக்குப் பின்னால் கூரை முட்டப் பேப்பர் அடுக்கியிருந்தது. அவர் அந்த அடுக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சரி அண்ணை. வந்தால் சொல்லுங்கோ" என்றுவிட்டுப் போனார்.

பிரசுரம் இல்லாமலே சைக்கிளில் வீடு வீடாகப் போனார். படலையைத் திறந்தவர்களும் உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்தால் அதை யாரும் பார்த்துவிடுவார்களோ என்று பயம். ஆனால் எண்ணி முடித்தபோது நானூற்றுப் பன்னிரண்டு வாக்கு. வட்டாரம் அவருக்கு. எப்படி என்று கட்சிக்காரர் தலையைப் பிய்த்தார்கள். எனக்குத் தெரியும். வாக்குச் சீட்டில் போடுகிறவர் பெயர் எழுதத் தேவையில்லை.

ரெலிபோன் எடுத்து வாழ்த்தினேன். வெட்கம் கெட்டவன், "நன்றி நோட்டீஸ் நான் அடிச்சுத் தாறன்" என்றும் சொன்னேன்.

"வேண்டாம் அண்ணை. என்ரை நன்றி ஆரின்ரை வீட்டுக்குப் போனாலும் பின்னாலை வாள் போகும்."

சபையின் இரண்டாவது கூட்டத்தில் எழும்பிப் பேசினார். பொதிகள், வாழைத்தோட்டம், வெட்டிய கை, லக்ஷனின் பெயர், எல்லாம் சொன்னார். தவிசாளர் இடைமறித்தார்: "பேர் சொல்லிக் கதைக்க ஏலாது. அதைக் குறிப்பிலை இருந்து எடுங்கோ." எடுத்தார்கள். ஒழுங்கைக்கு வெளிச்சமும் சந்திக்குக் கமெராவும் கேட்டு ஒரு மனு எழுதினார். வட்டாரத்து மக்களின் கையொப்பம் வேண்டும் என்றார்கள். இரண்டு கிழமை வீடு வீடாகத் திரிந்தார். வாக்குப் போட்ட நானூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவர்கூடக் கையெழுத்துப் போடவில்லை. மனுவில் ஒரே கையெழுத்து, அதுவும் அவருடையது.

அதற்குப் பிறகு ஒரு நாள் கடைக்கு வந்து இரண்டு கடதாசிகளை என் மேசையில் வைத்தார். சத்தியக்கடதாசிகள். சட்டமா அதிபருக்கு எழுதினால் வழக்கைத் திரும்பத் திறக்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒன்று எனக்கு, அந்த வசனம் குணலட்சுமி சொல்லி எழுதியது என்று. மற்றது சிவரூபனுக்கு.

"சிவரூபனோடை கதைச்சனான் அண்ணை. நாலு வரியத்துக்குப் பிறகு இப்பதான் என்னோடை கதைச்சவர். ஒரு ஆள் முதல் கையெழுத்துப் போட்டால் தானும் போடுறன் எண்டவர். இடக்கையாலை எழுதப் பழகியிருக்கிறாராம். இனிமேல் தான் மட்டும் தனிய நிக்க ஏலாதாம், ஒரு ஆள் பக்கத்திலை வேணுமாம்." எனக்குரிய கடதாசியை என் பக்கம் நகர்த்தி, "நீங்கள் முதல் போடுவியளோ?" என்று கேட்டார்.

அச்சு வேலையைத் தவிர, இவ்வளவு நாளில் அவர் என்னைக் கேட்டது இது ஒன்றுதான். பேனை என் சேட்டுப் பையில் இருந்தது. கடதாசியை வாசித்தேன். எழுத்துப் பிழை ஒன்று இருந்தது, அதைத் திருத்தினேன். மணி ஐந்தே கால். மகள் ரியூசன் முடிந்து வருகிற நேரம்.

"வைச்சிட்டுப் போங்கோ தங்கச்சி. நாளைக்குப் போட்டுத் தாறன்."

"நாளைக்கு வாறன்" என்றார்.

சொன்னபடி மறுநாள் வந்தார். கடை பூட்டியிருந்தது. உள்ளே கதவுக்குப் பின்னால் நான் நின்றேன். மூன்று தரம் தட்டினார். அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த கிழமை வந்தபோது நான் பேப்பர் எடுக்கக் கொழும்புக்குப் போயிருந்தேன். உண்மையாகவே போனேன். போகத் தேவை இருக்கவில்லை.

நாலு மாதம் அந்தக் கடதாசிகள் என் மேசையில் கிடந்தன. போன திங்கள் குணலட்சுமி வந்தார். கதவைப் பூட்ட எனக்கு நேரம் கிடைக்கவில்லை. மேசையில் இருந்து இரண்டையும் தானே எடுத்து நாலாக மடித்தார்.

"இனித் தேவையில்லை அண்ணை. சிவரூபன் ஆக்கள் வீட்டை விட்டிட்டுப் போட்டினம். எங்கை எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நல்லது. எனக்கும் தெரியக்கூடாது."

முப்பது வருடமாகச் செத்தவர்களுக்கு வசனம் செய்கிறவன், உயிரோடு முன்னால் நின்றவருக்கு ஒரு சொல்லும் வரவில்லை. கடைசியில், "உங்களைப் பற்றி எழுதப்போறன். நடந்தது எல்லாத்தையும். பேரை மாத்தி எழுதுறன்" என்றேன்.

"என்ரை பேரை மாத்தாதேங்கோ" என்றார். "சிவரூபன்ரை பேரும் கிடக்கட்டும். வெட்டினவைக்கு அது எப்பவோ தெரிஞ்ச பேர்தானே? எழுதிப் போடாத பேர் இனி ஒண்டுதான் இருக்கு."

எந்தப் பெயர் என்று நான் கேட்கவில்லை. அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சபைக் கூட்டம் இருந்ததாம், வெளிச்ச மனுவைத் திரும்பவும் கொடுக்கப் போனார், அதே ஒரு கையெழுத்தோடு.

அவர் சொன்னபடியே எழுதிவிட்டேன். யாராவது இதை அச்சிடுவதானால், எழுதியவரின் பெயரைப் போட வேண்டாம்.